அண்ணியின் ட்ரோனுக்கு வேலை கொடுங்கள்

மாசி மாதம், காலை ஏழு மணி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் சம்பா அறுத்த வயலில் உளுந்து பூ எடுத்து நிற்கிறது. அண்ணி வரப்போரம் தார்ப்பாயை விரித்து, வயலுக்கு மருந்தும் உரமும் தெளிக்கிற ட்ரோனை அதன்மேல் இறக்கி வைத்து, மடக்கியிருந்த ஆறு கைகளையும் ஒவ்வொன்றாக விரித்துத் திருகை இறுக்குகிறார். இறக்கைகளை ஒரு விரலால் சுற்றிவிட்டு, மோட்டாரில் மணல் கரகரக்கிறதா என்று காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்கிறார். அப்புறம் பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கிறார். தட்டையாக இருந்தால் சரி. வயிறு லேசாகப் புடைத்திருந்தால் அதைத் தொடவே கூடாது, தீப்பிடிக்கும், மணல் நிரப்பிய வாளிக்குள் போய்விட வேண்டும். அன்றைக்குப் பத்தில் மூன்று வாளிக்குப் போயின.

"பத்துல மூணு போச்சு தம்பி. பன்னெண்டு ஏக்கர் ஒத்துக்கிட்டு வந்திருக்கேன், இப்ப என்ன சொல்றது?" என்றார்.

வயல்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருக்கும் அவசரம். உளுந்துக்குப் பூ எடுக்கிற நேரத்தில் இலைவழி உரம் கொடுக்க வேண்டும், ஒரு வாரம் தள்ளினால் கொடுத்தும் பெரிதாகப் பிரயோஜனமில்லை. இலையில் பனி காய்ந்த பிறகுதான் அடிக்க முடியும், அதாவது எட்டு மணிக்கு மேல். பதினோரு மணி வாக்கில் கடல்காற்று எழும்பிவிடும், எழும்பினால் மருந்துச் சாரல் பக்கத்து வயலுக்குப் போகும், நிறுத்திவிட வேண்டும். ஆக மூன்று மணி நேரம். சாயங்காலம் காற்று அடங்கினால் இன்னும் ஒன்றரை மணி நேரம். இதற்குள் எத்தனை ஏக்கர் முடிகிறதோ அவ்வளவுதான் அன்றைய வருமானம். ட்ரோன் ஒரு ஏக்கரை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு ஏக்கருக்கும் தொட்டியில் பத்து லிட்டர் நிரப்பி, பேட்டரி மாற்றி, சூடாக இறங்கியதை ஆறவிட்டு, ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றி, இப்படியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு எட்டு ஏக்கர்தான் முடிந்தது. மீதி நாலு ஏக்கர்க்காரரிடம் அண்ணி கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ட்ரோனுக்கும் மின்சார விமானத்துக்கும் அரசு ஆதரவு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதுதான் என் பதில், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. அந்த ஆதரவு எந்த இடத்தில் போய் விழுகிறது என்பதில்தான் எனக்கு ஆதங்கம். பொருளை வாங்கிக் கொடுப்பதற்கு நிறையச் செலவு செய்கிறோம். வாங்கிய பொருள் வருடம் முழுக்கப் பறப்பதற்கு வேலை கொடுப்பதில் அந்த அக்கறை இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த மாற்றம் சின்னதில்லை. 2021 ஆகஸ்டில் புதிய ட்ரோன் விதிகள் வந்தன. அதற்கு முன்னால், அதே வருடம் மார்ச்சில் வந்த விதிகளின்படி நிரப்ப வேண்டிய படிவங்கள் 25, கட்ட வேண்டிய கட்டண வகைகள் 72. புதிய விதியில் படிவம் ஐந்து, கட்டணம் நான்கு வகை. பத்தாம் வகுப்பு தேறி, 18 வயது நிரம்பி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்துத் தேறினால் சான்றிதழ், அது பத்து வருடம் செல்லும். நாடு முழுக்க வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடம் போட்டார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை பறக்கத் தனி அனுமதி வேண்டாம். விமான நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் சிவப்பு, அதாவது மத்திய அரசு சொன்னால்தான் பறக்கலாம். லாஸ்பேட்டை விமான நிலையத்தை நடுவில் வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள், புதுச்சேரி நகரத்தில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். பாகூர் அந்த வட்டத்துக்கு ரொம்பத் தெற்கே இருக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வார்களே, அந்தப் பாகூர். அண்ணிக்கு அங்கேயும் வாடிக்கை உண்டு. ஒரே நாளில் தமிழ்நாட்டு வயலிலும் புதுச்சேரி வயலிலும் அடித்துவிட்டு வருவார்.

மகளிர் குழுக்களுக்கான நமோ ட்ரோன் தீதி திட்டத்துக்கு 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 1,261 கோடி ரூபாய், 15,000 மகளிர் குழுக்கள் என்பது இலக்கு. ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் வரை மானியம். மீதிக்குக் கடன், வட்டியில் 3 சதவீதச் சலுகை. குழுவில் ஒருவருக்குப் பதினைந்து நாள் பயிற்சி, அதில் ஐந்து நாள் ஓட்டுவதற்கு, பத்து நாள் மருந்து, உரம் தெளிக்கிற முறைக்கு. அண்ணி அந்தப் பதினைந்து நாளும் வீட்டை விட்டு வெளியூரில் தங்கிப் படித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் தனியாக வெளியூரில் தங்கியது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்த பிறகு ஊரில் அவருக்குப் பெயரே மாறிவிட்டது, சின்னப் பிள்ளையிலிருந்து பெரியவர் வரை 'ட்ரோன் அக்கா'. முன்பெல்லாம் வரப்பில் உட்கார்ந்து உரத்தைப் பற்றிப் பேசுவது ஆண்கள்தான். இப்போது "எத்தனை மில்லி போடலாம்?" என்று அவரிடம் வந்து கேட்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே இந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுவேன்.

கைத்தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு மருந்தடித்தவர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஏக்கருக்கு இருநூறு லிட்டர், பதினாறு லிட்டர் டேங்கில் பன்னிரண்டு பதின்மூன்று டேங்க். எங்கள் அப்பா சாயங்காலம் வந்து கிணற்றடியில் உட்கார்ந்து கை, கால், கழுத்து என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், இரவு சோறு இறங்காது, தலைவலி என்று படுத்துவிடுவார். மருந்து வாடை மறுநாளும் சட்டையில் இருக்கும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போடுகிறவர்களைக் கேளுங்கள். ஆறேழு மாதக் கரும்புக்குள் ஆள் நுழைந்து மருந்தடிக்கவே முடியாது, தோகை முகத்தை அறுக்கும், உள்ளே காற்றே இருக்காது. மேலேயிருந்து அடிப்பது ஒன்றுதான் வழி. 2022 ஏப்ரலில் 477 பூச்சிமருந்துகளை ட்ரோன் மூலம் தெளிக்க இடைக்கால அனுமதி கொடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் இந்த வேலை சூடு பிடித்தது.

சரி, இப்போது கணக்குக்கு வருகிறேன்.

அண்ணி ஏக்கருக்கு 600 ரூபாய் வாங்குகிறார். ஒரு செட் பேட்டரி, அதாவது ஜோடி, 40 ஆயிரத்துக்கு வாங்கினார். இருநூறு முன்னூறு தடவை சார்ஜ் ஏற்றினால் இந்த வகை பேட்டரிக்கு உயிர் போய்விடும். ஒரு சார்ஜுக்கு ஒரு ஏக்கர் என்று வைத்து, 250 தடவை என்று போட்டால், ஏக்கருக்கு 160 ரூபாய் பேட்டரியிலேயே கரைகிறது. கூட வரும் உதவியாள் சம்பளம், லோடு ஆட்டோ வாடகை, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல், கடன் தவணை. இதெல்லாம் போக நிற்பதைக் குழுவில் பங்கு போட வேண்டும். ட்ரோனுக்கு ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள், முன்பு 18, 28 என்று இருந்தது. நல்ல முடிவு. ஆனால் தனியாக வாங்குகிற லித்தியம் பேட்டரிக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. ட்ரோனை ஒரு தடவை வாங்குகிறோம், பேட்டரியை வருடா வருடம் வாங்குகிறோம். சலுகை எதற்கு வேண்டும் என்று அண்ணியைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

திட்டத்தின் வழிகாட்டுதலைப் படித்தால் எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. கூடுதலாக நாலு செட் பேட்டரி, கூடுதல் இறக்கைகள், காற்று வேகம் பார்க்கும் கருவி, ஒரு வருட வாரண்டி, ஒரு வருடக் காப்பீடு, இரண்டு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் தொகுப்பிலேயே உண்டு. நாளுக்கு 20 ஏக்கர் வரை அடிக்கலாம் என்பது கணக்கு. முதல் வருடம் அண்ணிக்கு ஒரு குறையும் இல்லை. காப்பீடு முடிந்த பிறகு, போன தை மாதம், மோட்டார் கொட்டகைக்குப் போகிற கம்பியில் தட்டி ஒரு கை முறிந்தது, மோட்டாரும் போனது. விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தால் பாகம் வர வேண்டும் என்றார்கள். முழு ட்ரோனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 2022 பிப்ரவரியிலிருந்து தடை, பாகங்கள் மட்டும் வரலாம், அந்தப் பாகமும் வரும்போதுதான் வரும். இருபத்தாறு நாள் ஆனது. அந்த இருபத்தாறு நாளும் அண்ணிக்குப் போன் வந்துகொண்டே இருந்தது, எடுத்து எடுத்து "ரிப்பேர்ல இருக்குண்ணே" என்று சொல்லி அலுத்துப் போய்விட்டார். சரியாகி வந்த அன்று ஒரு போனும் வரவில்லை. பருவம் முடிந்துவிட்டது.

விவசாய வேலையின் குணமே இதுதான். எல்லோருக்கும் ஒரே பத்து நாளில் தேவைப்படும், அப்புறம் இரண்டு மாதம் யாருக்கும் தேவைப்படாது. டிராக்டர் வைத்திருப்பவர் உழவு இல்லாத நாளில் செங்கல் ஏற்றுவார், மணல் ஏற்றுவார். ட்ரோன் வைத்திருப்பவர் என்ன செய்வது? பெட்டிக்குள் வைத்து, பேட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்தி, எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போன வருடம் மொத்தத்தில் அது பறந்தது முப்பத்தொரு நாள்.

இந்த இடத்தில் இருந்துதான் எனக்கு வெள்ளம் ஞாபகத்துக்கு வருகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடலூரில் நாங்கள் புயல் போய்விட்டது என்று மூச்சு விட்டோம், ஏனென்றால் 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்கள் நாங்கள், பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை மறக்க முடியுமா. ஆனால் இந்தத் தடவை புயலை விட அதற்குப் பின்னால் வந்ததுதான் பெரிது. மேலே திருவண்ணாமலைப் பக்கம் கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகிற வழி நாங்கள்தான். கரையோர ஊர்கள் மூழ்கின, கடலூர்–புதுச்சேரி சாலையிலேயே தண்ணீர் ஓடியது.

எங்கள் அத்தை வீடு ஆல்பேட்டைக்கு அந்தப் பக்கம், ஆற்றிலிருந்து நடக்கிற தூரம். கீழ்வீடு மூழ்கி மாடியில் இருந்தார்கள். அத்தைக்குச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின். ஃப்ரிட்ஜ் தண்ணீருக்குள் போய்விட்டது, இன்சுலினும் அதோடு. நான் இரண்டு குப்பியும் ஊசியும் வாங்கி ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து, மேட்டில் நின்றுகொண்டிருக்கிறேன். அங்கேயிருந்து பார்த்தால் அத்தை வீட்டு மாடி தெரிகிறது, அத்தை கட்டியிருக்கிற பச்சைப் புடவைகூடத் தெரிகிறது. அறுநூறு எழுநூறு மீட்டர்தான் இருக்கும். நடுவில் மார்பு மட்டத்துக்குப் பழுப்புத் தண்ணீர், இழுப்பு வேறு. கையிலிருக்கிற டப்பா கால் கிலோகூட இல்லை.

அப்போது தலைக்கு மேல் ஒரு ட்ரோன் போனது. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிற ஒரு தம்பி, வெள்ளத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அது போய் அத்தை வீட்டு மாடிக்கு மேலேயே ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தை கையை ஆட்டியது அவருடைய திரையில் தெரிந்தது, எனக்குக் காட்டினார். டப்பாவைக் கட்டி அனுப்பலாமா என்று கேட்டேன், அந்தச் சின்ன ட்ரோன் தாங்காது அண்ணா என்றார், அவர் சொன்னது சரிதான். தீயணைப்புத் துறைப் படகு வந்து டப்பா அத்தை கைக்குப் போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. படகில் வந்தவர்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயே வராது.

அன்றைக்கு வானம் நன்றாக வெளுத்திருந்தது. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். புயலில் ட்ரோன் பறக்காதே என்பார்கள், பறக்காதுதான். ஆனால் எங்கள் மாவட்டத்து ஆற்று வெள்ளம் பல தடவை புயலோடு வருவதில்லை, புயல் போய் ஒன்றிரண்டு நாள் கழித்து மேலேயிருந்து வருகிறது. 2021 நவம்பரிலும் தென்பெண்ணையில் அப்படித்தான் வந்தது. சாலை மூடியிருக்கும், வானம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் பத்து கிலோ தூக்கக்கூடிய அண்ணியின் ட்ரோன், இங்கிருந்து முப்பது கிலோமீட்டரில், பெட்டிக்குள் சும்மா இருந்தது. மழைக்காலம், மருந்தடிக்கிற வேலை இல்லை.

இது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. 2021 அக்டோபரில் மணிப்பூரில், மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் செய்து காட்டியது. பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டக் ஏரியில் இருக்கிற கராங் தீவுக்குத் தடுப்பூசி. தரைவழி 26 கிலோமீட்டர், வான்வழி 15 கிலோமீட்டர், பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதே வருடம் செப்டம்பரில் தெலங்கானாவில் விகாராபாத்தில் மருந்து அனுப்பிப் பார்த்தார்கள். 2024 அக்டோபர் 29 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸ், இம்பால் ரிம்ஸ் உட்படப் பதினொரு மருத்துவ நிலையங்களில் ட்ரோன் சேவையைத் தொடங்கி வைத்தார் பிரதமர்.

ஆனால் என் மனதில் நிற்பது ருவாண்டாதான். நம்மை விடப் பணக்கார நாடு கிடையாது. மலை, மழை, மண் சாலை. 2016 அக்டோபரிலிருந்து அங்கே ஸிப்லைன் என்கிற நிறுவனம் கிராமத்து மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகிறது. சின்ன விமானம் மாதிரி இருக்கும், மருத்துவமனைக்கு மேலே போய்ப் பெட்டியைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அந்த நாட்டு அரசு ட்ரோன் வாங்கி யாருக்கும் மானியமாகக் கொடுக்கவில்லை. கொண்டுபோய்ச் சேர்த்த ரத்தத்துக்குக் காசு கொடுத்தது. எத்தனை தடவை பறந்தாயோ அத்தனைக்குக் கூலி. அதனால் அந்த நிறுவனத்துக்கு ஒவ்வொரு நாளும் பறந்தே ஆக வேண்டிய கட்டாயம், உதிரிபாகம் கையிருப்பில் வைத்தே ஆக வேண்டிய கட்டாயம். பின்னால் ஆய்வு செய்து பார்த்ததில், ரத்தம் காலாவதியாகி வீணாவது 67 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தம் கேட்டால் சீக்கிரமே வந்துவிடும் என்று தெரிந்ததால் மருத்துவமனைகள் அளவுக்கு மேல் வாங்கி அடுக்கி வைப்பதை விட்டுவிட்டன.

நம் அரசுக்கும் இந்தப் பாடம் புதிதில்லை. உடான் திட்டம் அப்படித்தான் போட்டார்கள். சின்ன ஊர்களுக்கு விமானம் விட்டால், காலி இருக்கையால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டக் குறிப்பிட்ட காலத்துக்குப் பணம். விமானம் வாங்க அல்ல, பறக்க. 2017 ஆகஸ்டில் புதுச்சேரி–ஹைதராபாத் விமானம் அப்படித்தான் வந்தது. அப்புறம் அது நின்று போய், 2024 டிசம்பர் 20 முதல் வேறொரு நிறுவனம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் விடுகிறது. நெய்வேலிக்கும் முதல் சுற்றிலேயே பெயர் இருந்தது, விமானம்தான் வரவில்லை. லாஸ்பேட்டை ஓடுதளம் 1,500 மீட்டர்தான், நீட்டுவதற்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள் நிலம் வேண்டும், வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஓடுதளமே வேண்டாத விமானம் என்று சொல்லும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம் இதுதான். மின்சாரத்தில் ஓடி, ஹெலிகாப்டர் மாதிரி நின்ற இடத்திலிருந்தே எழும்பி, மேலே போனதும் விமானம் மாதிரி இறக்கையில் பறப்பது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி தொடங்கிய இ-பிளேன் நிறுவனம் இதைச் செய்துகொண்டிருக்கிறது. அவர்கள் விமானத்தின் வகைச் சான்றிதழுக்கான, அதாவது இந்த வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்கிற சான்றுக்கான, விண்ணப்பத்தை மத்திய அரசின் விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏ ஏற்றிருக்கிறது. 2025 பிப்ரவரியில் 788 ஆகாய ஆம்புலன்ஸ்களுக்கு ஒப்பந்தம் என்று செய்தி வந்தபோது நான் அதை இரண்டு தடவை படித்தேன். இந்த மாதிரி விமானங்கள் இறங்குகிற தளம் எப்படி இருக்க வேண்டும் என்று 2024-இலேயே டிஜிசிஏ வழிகாட்டுதல் போட்டுவிட்டது. 1934-ஆம் வருட விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. கதவு திறந்திருக்கிறது என்பது நிஜம்.

வெளியே சீனா ரொம்ப முன்னால் போய்விட்டது. ஓட்டுநரே இல்லாத இரண்டு இருக்கை விமானத்துக்கு 2023 அக்டோபரிலேயே வகைச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்கா 2024 அக்டோபரில் இதற்கென்று தனி விதி போட்டது. ஜெர்மனியில் நேர்மாறு, லிலியம் என்கிற நிறுவனம் அரசு உத்தரவாதம் கேட்டுக் கிடைக்காமல் 2024-இல் திவாலானது, அதே வருட முடிவில் வோலோகாப்டரும். தொழில்நுட்பம் கஷ்டமானதுதான். ஒரு கிலோ விமான எரிபொருளில் இருக்கிற சக்தி, ஒரு கிலோ பேட்டரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு. மின்மோட்டார் சிக்கனமானது என்று கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. அதனால் இவை தூரம் போகிற விமானங்கள் இல்லை, பக்கத்து ஊர் விமானங்கள்.

பக்கத்து ஊர் போதும் எங்களுக்கு. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு 25 கிலோமீட்டர்தான் இருக்கும். தலையில் அடிபட்டவரை 108-இல் ஏற்றிக்கொண்டு ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி, ஊருக்குள் நுழைந்து இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்களைக் கடந்து ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டுக்குப் போய்ச் சேர்வது என்றால் என்ன என்று, அந்த வண்டிக்குள் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும். நான் உட்கார்ந்து போயிருக்கிறேன், சித்தப்பாவோடு. சைரன் கேட்டும் ஒதுங்க இடமில்லாமல் முன்னால் நிற்கிற பஸ்ஸின் பின்பக்க எழுத்தைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்த நிமிடங்கள் எனக்கு இன்னும் போகவில்லை. வான்வழியில் அது பத்து நிமிடத்துக்குள் முடிகிற தூரம்.

டெல்லியில் கன்னாட் பிளேஸிலிருந்து குருகிராமுக்கு ஏழு நிமிடத்தில் பறக்கும் டாக்ஸி விடப்போவதாக 2023-இல் அறிவித்தார்கள். காசு இருப்பவர்கள் போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை, அதற்குப் பொதுப்பணம் தேவையுமில்லை. பொதுப்பணம் போக வேண்டிய வழித்தடம் கடலூர்–கோரிமேடு மாதிரியானவை. அதற்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் பளபளப்பாக ஒரு தளம் கட்டித் திறப்பு விழா நடத்துவது ஆதரவு ஆகாது. வருடத்துக்கு இத்தனை நோயாளிப் பயணத்துக்கு இவ்வளவு தருகிறோம் என்று இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டால், பறக்கத் தகுதியான விமானம் வருகிற அன்றைக்கு வழித்தடம் தயாராக இருக்கும். ஜிப்மர் லாஸ்பேட்டை வட்டத்துக்குள், சிவப்பு மண்டலம். கடலூர் தமிழ்நாடு. வானம் மத்திய அரசுடையது. மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால்தான் ஒரு பாதை பிறக்கும். அதுவரை ஆள் ஏறாத, ரத்தமும் இன்சுலினும் மட்டும் ஏறுகிற ட்ரோனை அதே பாதையில் ஓட்டிப் பழகலாம். கண்ணுக்கு எட்டாத தூரம் பறக்கத் தனி அனுமதி வேண்டும், அதை வெள்ளம் வந்த பிறகு கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, ஆடி மாதத்திலேயே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் அண்ணி மனு ஒன்று எழுதித் தரச் சொன்னார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்குமே, அதில் கொடுக்க. நான் உட்கார்ந்து பெரிதாக எழுதினேன். ட்ரோன் வைத்திருக்கிற மகளிர் குழுக்களை மாவட்டப் பேரிடர் திட்டத்தில் சேர்த்து, ஐப்பசி முதல் மார்கழி வரை மாதம் ஒரு தொகை கொடுத்துத் தயார் நிலையில் வைக்க வேண்டும், மருந்துப் பெட்டி தூக்கப் பயிற்சியும் அனுமதியும் காப்பீடும் முன்கூட்டியே தர வேண்டும், பொதுவான பேட்டரி இருப்பும் உதிரிபாகமும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து வாடகைக்குத் தர வேண்டும், கூடவே ஜிப்மர் ஆகாய ஆம்புலன்ஸையும் ஒரு பத்தியில் சேர்த்தேன்.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். ஆம்புலன்ஸ் பத்தியில் விரலை வைத்து, "இது நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும். ஆனா கூட்டத்துல ரெண்டு நிமிஷம்தான் பேச விடுவாங்க தம்பி. பேட்டரியை மேல கொண்டாந்து வை. அதுக்குக் கீழ வெள்ளத்தை வை. அத்தை பேரை எழுதாத, மாடியில ஒரு அம்மான்னு எழுது" என்றார்.

அப்படியே மாற்றி எழுதி, குழுவில் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உப்பிப்போன மூன்று பேட்டரியையும் மணல் வாளியோடு கொண்டுவந்து காட்டலாமா என்று அண்ணி கேட்டார். பஸ்ஸில் வேண்டாம், படம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். நேற்று சாயங்காலம் திண்ணையில் வைத்து, பக்கவாட்டில், வயிறு தெரிகிற மாதிரி படம் எடுத்தோம்.